இடது பின்சக்கரத்துக் காத்து

என் மாமனார் தியாகராஜா இறந்த பிறகு எங்கள் ஜீப்பில் குடியிருக்கிறார் என்று வீட்டில் முடிவானதற்கு, கெலிஓயா கராஜ்காரர் ஃபாஸில் நானா தொலைபேசியில் சொன்ன ஒரு சொல்தான் காரணம். அந்தத் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டவள் நான். இரண்டு கையிலும் இடியப்ப மாவு ஒட்டியிருந்தது. அன்றைக்குக் கடையில் பாண் வாங்கிச் சாப்பிட்டிருந்தால் இதெல்லாம் நடந்தே இருக்காது.

ஜீப்பைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். மாமாவுக்குக் கண்டி டவுனில் இரும்புக்கடை. ஆள் பெரிய உருவம். எவ்வளவு பெரிய உருவம் என்று யாருக்கும் தெரியாது. கடையில் சிமெந்து மூட்டை நிறுக்கும் தராசு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவர் ஒருநாளும் அதில் ஏறவில்லை. முன்பு ஒரு வேன் வைத்திருந்தார். அவர் ஏறி உட்கார்ந்தால் அந்தப் பக்கம் வேன் சாயும். மார்க்கெட்டுக்கு முன்னால் மூட்டை தூக்குகிற நாட்டாமிமார், "முதலாளி ஏறிட்டாரு, வண்டி கும்பிடுது" என்று சிரிப்பார்கள். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

அந்த நேரத்தில்தான் பழைய இங்கிலாந்து ஜீப் ஒன்று விலைக்கு வந்தது. மற்ற வண்டிகளுக்குக் கீழே இரும்புச் சுருள் இருக்கும். இதற்கு நான்கு சக்கரத்துக்கும் நான்கு ரப்பர் பைகள், உள்ளே காற்று. எந்தப் பக்கம் பாரம் கூடுகிறதோ அந்தப் பக்கத்துப் பைக்குப் பம்ப் தானாகவே காற்றை அனுப்பி, வண்டியை மட்டமாக்கிவிடும். கரடுமுரடான பாதைக்கு ஒரு பட்டன், அமுக்கினால் வண்டி முழுதாக உயரும். ஏறி இறங்க இன்னொரு பட்டன், அமுக்கினால் முழுதாகத் தாழும். விற்க வந்தவன் காடு, ஆறு, சேறு என்று என்னென்னவோ சொன்னான். மாமா ஒன்றையும் காதில் வாங்கவில்லை. பின் சீட்டில் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். அந்த மூலை கொஞ்சம் அமிழ்ந்தது. பம்ப் 'கிர்ர்' என்று முனகியது. வண்டி மெல்ல எழும்பி மட்டமாக நின்றது. கீழே நின்ற என் கணவர் சுதேஷிடம், "சாயுதா?" என்று கேட்டார். "இல்லப்பா," என்றார் இவர். அன்றே வாங்கியாயிற்று.

மாமாவுக்குக் காட்டிலும் ஆற்றிலும் ஒரு வேலையும் இல்லை. ஒரேயொரு தடவை கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போனோம். மழையில் பாதை கரைந்து, முன்னால் போன வேன்கள் இரண்டும் ஒருக்களித்து நின்றன. பின்னால் அரிசி மூட்டைகள், பின் சீட்டில் மாமா. நான்தான் ஓட்டினேன். பட்டனை அமுக்கி வண்டியை உயர்த்தி ஏற்றினேன். ஜீப் அந்தப் பாரத்தோடு மட்டம் குலையாமல் ஏறிப் போய் லயத்து வீட்டு வாசலில் நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "எல்லா வண்டியும் சாஞ்சிருச்சு, இது மட்டும் சாயல" என்றார். அந்த வாக்கியத்தை மாமா செத்துப்போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா மழைக்காலத்தில், பேராதனை ஆஸ்பத்திரியில், நெஞ்சு வலியில் போனார். அதன் பிறகு ஜீப்பை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. முற்றத்தில் சும்மா நின்றது. என் மாமியார் அன்னலட்சுமி அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் அது அப்படியே திரும்பி வரும். டாக்டர் சத்து மருந்து எழுதித் தந்தார். அதுவும் திரும்பி வந்தது.

நான் கலஹாப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். லீவு முடிந்து பாடசாலை தொடங்கியதும் ஜீப்பை எடுக்கலாம் என்று போனேன். இடது பின்பக்கம் சக்கரத்தோடு ஒட்டி அமிழ்ந்து கிடந்தது. எஞ்சினைப் போட்டேன். பம்ப் முனகி அந்த மூலையைத் தூக்கியது. மறுநாள் காலையில் மறுபடி அமிழ்ந்திருந்தது. உயிரோடு இருந்தவரை அவர் பாரத்தைக் காட்டாமல் மறைத்த வண்டி, அவர் போன பிறகு அதே மூலையில் காட்டத் தொடங்கியது. இதை நான் ஒரு தற்செயல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வீட்டில் மற்றவர்கள் அப்படி எடுத்துக்கொள்வார்களா என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

ஃபாஸில் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் நல்ல மெக்கானிக். வாயும் நல்ல வாய். அரைமணி நேரம் பம்பின் வரலாற்றைச் சொல்லிவிட்டு, "பம்ப் தான் டீச்சர், சந்தேகமே இல்ல" என்று பம்பை மாற்றினார். வண்டி வீட்டுக்கு வந்து அன்று இரவே அமிழ்ந்தது. பிறகு ஒருநாள் அவரே வீட்டுக்கு வந்து, சோப்புத் தண்ணீர் பூசி, வண்டிக்கடியில் படுத்து, ஏதேதோ பார்த்துவிட்டு, "யோசிச்சிட்டுச் சொல்றன்" என்று போனார். மறுநாள் காலையில்தான் அந்தத் தொலைபேசி.

சமையலறையில் மாமாவின் அக்கா சுப்பம்மா பெரியத்தை கதிரையில் உட்கார்ந்து முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். மாமியின் அறைக்கதவு திறந்திருந்தது.

"டீச்சர், பம்புல ஒரு பிழையும் இல்ல," என்றார் ஃபாஸில் நானா. "நான் மாத்தினது வீண் வேலதான், அத உடுங்க. இது காத்து. பின்னுக்கு, இடது பக்கம். முதலாளி உக்கார்ற சீட்டுக்கு நேரா கீழ."

"எப்பருந்து நானா?"

"முதலாளி மவுத்தானதுக்குப் பொறகு வண்டி சும்மா நின்டிச்சே, அதுலதான் வந்திரிக்கி. பகல்ல தெரியாது. ராவைக்கி மெல்ல மெல்ல எறங்கும். காலைல பாத்தா சாஞ்சி ஈக்கும்."

முருங்கை இலை உருவும் சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். பெரியத்தை நெஞ்சில் கை வைத்திருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பேச்சில் டயருக்கு அடிப்பதும் காத்துதான், செத்தும் போகாமல் சுற்றுகிற ஆவியும் காத்துதான். முழங்கையால் ஸ்பீக்கரை நிறுத்தி, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு மிச்சத்தைக் கேட்டேன். கேட்டு முடித்து வைப்பதற்குள் பெரியத்தை எழுந்து நின்றார்.

"தம்பி வண்டிக்குள்ளதான் இருக்கானா?"

"பெரியத்தை, அது ரப்பர் பைக்குள்ள இருக்கிற காத்து."

"பைக்குள்ள அடைபட்டுக் கிடக்கானா? ஐயோ, எந்தம்பி!"

நான் விஞ்ஞான டீச்சர். எட்டாம் வகுப்புக்கு விளங்கப்படுத்துகிறதைப் பெரியத்தைக்கு விளங்கப்படுத்த முடியாதா என்று ஒரு பலூனை எடுத்து ஊதினேன். இதுதான் பை, இதுதான் காத்து, பையில் சின்ன வெடிப்பு இருந்தால் காத்து மெல்ல வெளியே போகும் என்று, பலூனின் வாயைக் கொஞ்சம் தளர்த்திக் காட்டினேன். பலூன் சுருங்கச் சுருங்கப் பெரியத்தை அழுதார். பலூன் முழுதாகச் சுருங்கியதும் என் கையிலிருந்து அதை வாங்கி, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார். எட்டாம் வகுப்பு எவ்வளவோ மேல்.

சுதேஷ் வந்ததும் அவரிடம் சொன்னேன். இவர் பேராதனையில் பட்டம் படித்தவர். "எனக்கு இதில நம்பிக்கை இல்ல கஜனி. எதுக்கும் கொஞ்சம் பொறுத்துச் செய்வோம்" என்றார். 'எதுக்கும்' என்பதுதான் என் கணவரின் மதம். அந்த மதத்தில் எல்லாச் சாமிக்கும் இடம் உண்டு, எந்த முடிவுக்கும் இடம் இல்லை.

மறுநாள் காலையில் குளியலறை ஜன்னலால் பார்த்தேன். மாமி முற்றத்தில் நின்றார். மழைக்காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக அறையை விட்டு வெளியே வந்திருந்தார். தலை முழுகி, விபூதி பூசி, துவைத்து மடித்த சேலை கட்டியிருந்தார். அமிழ்ந்துகிடந்த மூலைக்குப் பக்கத்தில், பின்கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"வந்துட்டீங்களா," என்றார். "நேத்து ராவு நல்ல மழை. குளிருதா?"

பிறகு வீட்டுச் சமாசாரம் முழுவதையும் சொல்லத் தொடங்கினார். கடையில் நீலக் குழாய்கள் விற்காமல் கிடப்பது, பக்கத்து வீட்டு மதிலில் விழுந்த வெடிப்பு, சுதேஷுக்கு இருமல், எல்லாம் வரிசையாக வந்தது. கடைசியில், "உங்க மருமக இன்னும் சம்பலுக்கு உப்புப் பத்தாமத்தான் போடுறா" என்றார். எனக்குச் சுரீர் என்றது. செத்தவரிடம் கொண்டுபோய்ச் சொல்கிற விஷயமா இது?

ஆனால் அன்று காலையில் மாமி மேசைக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். அந்தச் சம்பலைத்தான். நான் குசினிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றேன். சந்தோஷத்தில், கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினேன்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். பட்டரி செத்துவிடக் கூடாது என்று பின்னேரம் நான் எஞ்சினை ஓடவிடுவேன். மூலை எழும்பும். மாமா வெளியே போய்விட்டார் என்று மாமி எடுத்துக்கொள்வார். இரவில் அது அமிழும், காலையில் மாமி போய்ப் பேசுவார். உயிரோடு இருந்தபோதும் மாமா ஏறக்குறைய இதே நேரத்துக்குத்தான் வந்து போவார் என்பதால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஒருநாள் மாமியிடம் மெதுவாகக் கேட்டேன். "மாமி, வண்டியை ஃபாஸில் நானாகிட்ட கொண்டுபோய்ப் பையை மாத்திட்டு வந்திரட்டா?"

மாமி என்னைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்ச நாள் போகட்டுமே புள்ள. உயிரோட இருக்கும்போது நான் வாயைத் தொறந்தா செருப்பை மாட்டிக்கிட்டுக் கடைக்குப் போயிருவாரு. இப்பதான் நின்னு கேட்குறாரு."

பாடசாலை வாசலில் ஏதோ வேலை நடக்கிறது, வண்டி விட இடமில்லை என்று சொல்லிவிட்டு, நான் தொடர்ந்து பஸ்ஸிலேயே போனேன். பேராதனையில் ஏறி கலஹாவரை ஒற்றைக்காலில் நிற்கிற பயணம். ஒரு கையில் கம்பி, மற்றக் கையில் பரீட்சைத்தாள் பை, முதுகில் யாருடையதோ மரக்கறி மூட்டை. நான் பொறுமைசாலி இல்லை. ஒவ்வொரு வளைவிலும் மாமாவைத் திட்டினேன், ஃபாஸில் நானாவைத் திட்டினேன், 'காத்து' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வைத்தவர்களைத் திட்டினேன்.

பெரியத்தைக்கு வேறு கவலை. "செத்தவன்கூட தெனமும் பேசிக்கிட்டிருந்தா, ஒருநா கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிருவான். லெச்சுமியைப் பாத்தியா, என்னா சந்தோசமா இருக்கா! இது நல்லதுக்கில்ல," என்றார். மாமி சாப்பிடாமல் கிடந்தபோது பெரியத்தைக்கு வராத பயம், மாமி சிரித்தபோது வந்தது. தம்பியைத் தவறவிட்டவர் தம்பி மனைவியையும் விட்டுவிடுவோமோ என்று பயந்தார், அதையும் சொல்ல வேண்டும். கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்துப் பூசாரி சின்னமுத்துவைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டார். சுதேஷ், "எதுக்கும் ஒருக்கா பார்த்துருவோம்" என்றார். மாமியிடம் வாகனப் பூசை என்று சொன்னார்கள்.

பூசாரி த்ரீவீலில் வந்து இறங்கினார். உடுக்கு, வேப்பிலை, எலுமிச்சம்பழம், நீத்துப்பூசணிக்காய் எல்லாம் ஒரு உரப்பையில் இருந்தன. ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வண்டிக்கு முன்னால செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"த்ரீவீல் செஞ்சிருக்கேன். ஒரு லொறி செஞ்சிருக்கேன். ஜீப்பு இதுதான்." கண்ணாடியால் உள்ளே எட்டிப் பார்த்தார். "கியரு ஓட்டோவாம்மா?"

"ஓம், ஏன்?"

"சும்மா கேட்டேன்."

கடைசியில், சக்கரத்துக்கு ஒன்றாக முன்னால் வைத்த நான்கு எலுமிச்சம்பழத்தின் மேலும் வண்டி ஏறிப் போக வேண்டும் என்பதால், என்னை ஓட்டுகிற சீட்டில் உட்காரவைத்து எஞ்சினைப் போடச் சொன்னார்கள். மாமா இறங்கிப்போக வசதியாகப் பின்னால் இடது பக்கக் கதவை அதற்கு முன்பே அகலத் திறந்து வைத்திருந்தார்கள். இந்த ஜீப்புக்கு ஒரு பழக்கம் உண்டு. கதவு திறந்திருந்தால் பம்ப் வேலை செய்யாது. ஏறி இறங்குகிறவர்கள் விழுந்துவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அதை நான் பூசாரியிடம் சொன்னேன்.

"கதவு தொறந்திருந்தா வண்டி எழும்பாதுங்க."

"வண்டி எழும்ப வேணாம்மா. ஆளு எறங்கினாப் போதும்," என்றார்.

கற்பூரம் ஏற்றினார். சாம்பிராணிப் புகை போட்டார். உடுக்கை எடுத்து அடிக்கத் தொடங்கினார். முதலில் மரியாதையாகத்தான் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் மரியாதை குறைந்தது.

"தியாகராஜா! எறங்குறியா, இல்லையா?"

உடுக்குச் சத்தத்துக்கு மாமி வெளியே வந்தார். வாகனப் பூசைக்கு உடுக்கு அடிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். படியிறங்கி வந்து ஜீப்புக்கு முன்னால் நின்றார். என்ன நடக்கிறது என்று பார்த்தார்.

"எறங்க வேணாங்க," என்றார். சத்தம் போடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் நம் இடம் இன்னும் வரவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னார்.

பூசாரிக்கு உடுக்கின் தாளம் தவறியது. "இந்தம்மாவை உள்ள கூட்டிப் போங்க," என்றார். சுதேஷ் ஒரு அடி முன்னால் வைத்தார். மாமி திரும்பிப் பார்த்தார். சுதேஷ் அந்த அடியைத் திரும்பப் பின்னால் வைத்தார்.

பூசாரி மறுபடி தொடங்கினார். "எறங்கு! எறங்கி மலையேறு! மலையேறிப் போயிரு!" ஆவியோ சாமியோ விட்டுப் போவதற்கு மலையேறுவது என்றுதான் எங்களில் சொல்வார்கள். அவர் கத்திக்கொண்டே இருந்தார். ஜீப் அசையவில்லை. கதவு திறந்திருந்தது.

சாம்பிராணிப் புகை முழுவதும் ஜீப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. பெரியத்தை இருமினார். தம்பி மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் அவர் சிக்கனமான ஆள். வெளிர் நிறத் தோல் சீட் புகையில் கறுத்துவிடும் என்று பட்டிருக்க வேண்டும். போய்க் கதவை அடித்துச் சாத்தினார்.

ஜீப்புக்கு அது போதும். பம்ப் 'கிர்ர்' என்றது. இடது பின்மூலை மெல்ல எழும்பத் தொடங்கியது. பூசாரி ஒரு கணம் எங்களில் யாரையும் விட அதிகமாகப் பயந்துபோனார். பிறகு சுதாரித்துக்கொண்டு உடுக்கை உயர்த்தினார்.

"மலையேறிட்டாரு! மலையேறிட்டாருய்யா!"

"அரோகரா!" என்று பெரியத்தை கையெடுத்துக் கும்பிட்டு அழுதார். பட்டம் படித்த சுதேஷும் கும்பிட்டார். ஜீப் நான்கு சக்கரத்திலும் மட்டமாக நின்றது.

மாமி அழவில்லை. சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே திறந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்து, முன்கண்ணாடியால் என்னைப் பார்த்தார். அத்தனை பேரில் என்னைத்தான் பார்த்தார். அவர் உதடு மட்டும் அசைந்தது.

"போயிட்டாரா?"

அதற்குச் சரியான விடை எனக்குத் தெரியும். யாரும் வரவுமில்லை, யாரும் போகவுமில்லை, கதவைச் சாத்தினால் பம்ப் வேலை செய்யும். இந்த மாதிரி விடைகளைச் சொல்வதற்குத்தான் எனக்கு அரசாங்கம் சம்பளம் தருகிறது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அதே முகம். என் கை தானாகப் போய், வண்டியைத் தாழ்த்துகிற பட்டனை அமுக்கியது. ஜீப் 'புஸ்ஸ்' என்று நீளமாக ஒரு மூச்சு விட்டுத் தரையை நோக்கித் தாழ்ந்தது.

பெரியத்தை போட்ட கூச்சல் கீழே பேராதனை ரோட்டுக்குக் கேட்டிருக்கும். பூசாரி பின்னால் நகர்ந்து நகர்ந்து பூச்சாடிகளில் மோதி நின்றார். "இது சின்னக் காத்து இல்லம்மா," என்றார். "இதுக்கு எங்கண்ணன் வரணும்." உரப்பைக்குள் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு, உடைக்காத பூசணிக்காயையும் சக்கரத்தடி எலுமிச்சம்பழங்களையும் மட்டும் விட்டுவிட்டு த்ரீவீலில் ஏறிவிட்டார். பெரியத்தைக்குத் தலை சுற்றியது. சுதேஷ் அவரைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். "எதுக்கும் இன்னொரு நாள் பார்ப்போம்," என்று போகும்போது யாருக்கோ சொன்னார்.

முற்றத்தில் மாமியும் நானும்தான். மாமி ஜீப்பை மெல்லச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சக்கரத்திடமும் நின்று குனிந்து பார்த்தார். சுற்றி முடித்து என் பக்க ஜன்னலுக்கு வந்தார். நான் கண்ணாடியை இறக்கினேன்.

"நாலு பக்கமும் சமமா எறங்கியிருக்கு," என்றார்.

நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு ஒருநாளும் சமமா எறங்கினதில்ல, புள்ள."

விரலால் ஸ்டியரிங்கின் தூசியைத் துடைத்தேன்.

"நீதானே?"

"ஆமா மாமி."

"நீதான் நம்பமாட்டியே. எதுக்கு இப்படிச் செஞ்ச?"

"நீங்க பார்த்த பார்வை எனக்குத் தாங்கல மாமி. வேற ஒன்னுமில்ல."

மாமி ஜன்னல் விளிம்பில் கையை வைத்தார். உள்ளே பெரியத்தைக்குச் சுதேஷ் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது.

"ஃபாஸிலு அன்னைக்கு இன்னும் என்னமோ சொன்னான்," என்றார் மாமி. "நீ போனைக் காதுல இடுக்கிக்கிட்டதுக்கு அப்புறம். என்னா சொன்னான்?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். வரவில்லை. "அந்தப் பையில வெடிப்பு விழுந்திருக்காம். பாரத்தோட வளைவுல திரும்பும்போது ஒரேயடியா கிழிஞ்சா, வண்டி அந்தப் பக்கம் விழுந்திரும்னாரு. கலஹா ரோட்டுல மட்டும் கொண்டுபோகாதீங்கன்னாரு."

"அதான் பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போறியா?"

"ம்."

"பள்ளிக்கூட வாசல்ல வேலை நடக்குதுன்ன?"

"நடக்கல மாமி."

"வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன, கழுத?" என்றார். குரல் உடைந்துவிட்டது. என் தலையில் ஒரு குட்டு வைத்தார். வலித்தது. பிறகு குட்டிய இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுற்றி வந்தார். பின்னால் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார்.

"வண்டியைத் தூக்கு. கெலிஓயாவுக்குப் போவோம்."

"மாமி, பையை மாத்திட்டா அதுக்கப்புறம்..."

"தெரியும். காலையில வரமாட்டாரு."

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் மாமி. எனக்குப் பஸ் பழகிருச்சு."

"போனவருக்காக உன்னையும் அனுப்பச் சொல்றியா?" என்றார். "எடு வண்டியை. கெலிஓயா வரைக்கும் வளைவு இல்லத்தானே, மெல்லப் போ."

பட்டனை அமுக்கினேன். பம்ப் நான்கு பக்கத்தையும் தூக்கியது. மாமி உட்கார்ந்திருந்த மூலை மட்டும் கொஞ்சம் தாமதித்து எழும்பியது. நான் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினேன்.

ரோட்டில் ஏறியதும் கண்ணாடியில் மாமியைப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை பக்கத்துச் சீட்டில் இருந்தது. பேராதனையைத் தாண்டி கம்பளை ரோட்டில் திரும்பியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா செத்தபோது நான் அழவில்லை. அழ வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், எனக்குச் சாப்பாடு பார்க்கிற வேலை இருந்தது. இப்போது ரோடு தெரியவில்லை. வேகம் குறைந்தது. பின்னால் வந்த பஸ்காரன் ஹோன் அடித்தான். சத்தம் வராமல் மூக்கை உறிஞ்சப் பார்த்தேன்.

"கஜனி," என்றார் மாமி பின்னாலிருந்து. "ஓரமா நிப்பாட்டு. ரெண்டு பேரும் அழுதுட்டுப் போவோம்."

சிக்னல் போட்டேன். பஸ்ஸைப் போகவிட்டு, இடது ஓரமாக நிறுத்தினேன்.